அதிக வியர்வைக்கு வாய்வழி மாத்திரை: செலவைக் கணக்கிட்டு வாங்கும் முறை

சென்ற ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு மாலை, காரைக்குடியில் நான் மருந்தாளுநராக வேலை பார்க்கும் கடைக்கு ஓலைக் கொட்டான் முடையும் ஒரு பெண்மணி மகளோடு வந்தார். மருந்துச் சீட்டை எடுப்பதற்காக அவர் கண்ணாடி மேசையில் கையை ஊன்றிய இடத்தில் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் ஈரமாகப் பதிந்துவிட்டன. அந்த ஈரத்தில் ஓலைக்கு ஏற்றிய சாயத்தின் சிவப்பும் லேசாகக் கலந்திருந்தது. நான் எடுத்து வைத்த அட்டையின் பெயரை மகள் கைப்பேசியில் தட்டிப் பார்த்துவிட்டுத் தாயின் காதில் ஏதோ சொன்னாள். "அண்ணே, டாக்டர் எனக்கு வேர்வைக்குத்தானே எழுதினாரு? இது மூத்திரப்பை மாத்திரைன்னு போட்டிருக்காமே?" என்று அவர் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது: "மாசத்துக்கு எவ்வளவு ஆகும்?"

இந்த இரண்டு கேள்விகளும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை. ஒரு மருந்து எந்த நோய்க்கென்று பதிவு பெற்றிருக்கிறதோ அதை விட்டு வேறொரு நோய்க்கு எழுதப்படும்போது, வாங்குபவருக்கு எந்த விலை நியாயமானது என்று ஒப்பிட்டுப் பார்க்கவே வழி தெரிவதில்லை. சிலர் இணையத்தில் பவுண்டிலும் டாலரிலும் விலையைப் பார்த்து, இது நமக்கு எட்டாத வைத்தியம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர், வியர்வைக்கென்றே தயாரித்தது என்ற விளம்பரத்தை நம்பி, உள்ளே என்ன இருக்கிறது என்றே எழுதப்படாத குப்பிக்குப் பெருந்தொகையைக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவிர்க்கக்கூடியவை என்பதால், கடையில் நின்று ஒவ்வொருவருக்கும் நான் சொல்வதை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

"உரிமம் இல்லாதது" என்றால் என்ன

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் செலவு முழுவதும் இந்தச் சொல்லைப் பொறுத்தே மாறுகிறது. மருந்து முறையாக உரிமம் பெற்றுத் தயாரிக்கப்பட்டுக் கடையில் கிடைக்கிறது, ஆனால் அதிக வியர்வை என்பது அதன் பதிவில் இல்லை என்பது ஒரு நிலை. அந்தப் பெண்மணி மூத்திரப்பை மாத்திரை என்று கேட்ட ஆக்சிபியூட்டினின் இந்த வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு அடங்காத சிறுநீர்ப்பைக்காக அது அனுமதி பெற்றது. வியர்வைக்கு எழுதப்படும் இன்னொரு மாத்திரையான கிளைகோபைரோலேட் அதற்கும் முன்பே, 1961இல், வயிற்றுப் புண்ணுக்காக அங்கே அனுமதி பெற்ற மருந்து. இன்றுவரை அமெரிக்காவில் அதிக வியர்வைக்கென்று அனுமதி பெற்ற வாய்வழி மாத்திரை ஒன்றுகூட இல்லை. எழுதப்படுவதெல்லாம் மருத்துவரின் பொறுப்பில், பதிவுக்கு வெளியே எழுதப்படுபவைதான். பிரிட்டனில் புரோபாந்தலின் என்ற பழைய மாத்திரைக்கு வியர்வைக்கான உரிமம் உண்டு; இருந்தும் அங்குள்ள மருத்துவர்கள் பலர் உரிமம் இல்லாத ஆக்சிபியூட்டினினைத்தான் அதிகம் எழுதுகிறார்கள். ஆகவே உரிமத்தில் வியர்வை என்ற சொல் இல்லை என்பதாலேயே ஒரு மருந்து மோசடி ஆகிவிடாது.

இரண்டாவது நிலை, அந்த மருந்தே நம் நாட்டில் பதிவு பெறாமல் வெளியிலிருந்து வருவது. மூன்றாவது, யார் தயாரித்தார்கள் என்பதற்கே அடையாளம் இல்லாமல் வாட்ஸ்அப் வழியாக விற்கப்படுவது. முதல் வகை மலிவானது, சட்டப்படி மருந்துச் சீட்டில் கிடைப்பது. மூன்றாவது வகையை என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள் என்பதில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை.

மாத்திரைக்கு முன்னால்

பணத்தை மிச்சப்படுத்தும் முதல் வழி, மாத்திரை தேவைதானா என்று உறுதி செய்துகொள்வது. உள்ளங்கை, பாதம், அக்குள், முகம் ஆகியவற்றில் மட்டும், இரண்டு பக்கமும் சமமாக, இருபத்தைந்து வயதுக்கு முன்பே தொடங்கி, ஆறு மாதத்துக்கு மேல் நீடித்து, தூங்கும்போது நின்றுவிடுகிற வியர்வை என்றால் அது பெரும்பாலும் வேறு நோய் எதுவும் இல்லாத முதன்மை வகை. அப்பத்தாவுக்கோ சித்தப்பாவுக்கோ இதே தொல்லை இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்; பல குடும்பங்களில் இருந்திருக்கும். இதற்கு மாறாக, நடு வயதில் திடீரென்று உடம்பு முழுவதும் வேர்த்தால், இரவில் படுக்கை நனைந்தால், எடை குறைந்தால், அது தைராய்டு, காசநோய், சர்க்கரை தாழ்வது, மாதவிடாய் நிற்கும் பருவம், சில மனச்சோர்வு மாத்திரைகளின் விளைவு என்று எதுவாகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவருக்கு வியர்வையை அடக்கும் மாத்திரை கொடுப்பது உண்மையான நோயை மூடி வைப்பதாகும். பின்னால் ஆகும் செலவு பல மடங்கு. காசநோய்க்கான சளிப் பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் இலவசம். தைராய்டு, சர்க்கரைப் பரிசோதனைகளை ஒரு முறை செய்துகொண்டால் போதும். அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் மருத்துவரை மாற்றும்போது மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, மாத்திரைக்கு முன்னால் பூசும் மருந்து ஒன்று உண்டு என்பதை மறக்கக் கூடாது. அலுமினியம் குளோரைடு கலந்த கரைசல் அல்லது லோஷனை இரவு படுக்கப் போகும்போது, தோலை நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு பூசி, காலையில் கழுவிவிட வேண்டும். ஈரத் தோலில் பூசினால் எரிச்சல் கூடும், பயனும் குறையும். அக்குள் வியர்வைக்கு இது நன்றாகக் கேட்கும், உள்ளங்கைக்குச் சற்றுக் குறைவாகக் கேட்கும். உள்ளங்கைக்கும் பாதத்துக்கும் தண்ணீர்த் தட்டில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோஃபோரசிஸ் சிகிச்சையும் இருக்கிறது. வாரத்துக்குச் சில முறை, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம் உட்கார வேண்டும். கருவியை ஒரு முறை வாங்கிவிட்டால் அதற்குப் பிறகு பெரிய செலவு இல்லை என்பதால், பல ஆண்டுகள் மாத்திரை தேவைப்படும் என்று தெரிந்த இளைஞர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களும் கர்ப்பிணிகளும் இதைச் செய்யக் கூடாது. பேட்டரியை வைத்து வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று காணொளிகள் வருகின்றன. கையைச் சுட்டுக்கொண்டு மருந்து வாங்க வந்த ஒருவரை நான் பார்த்திருப்பதால், அதை யாரும் முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவை பயன் தராதபோது, அல்லது வியர்வை பல இடங்களில் பரவியிருக்கும்போது, மாத்திரைக்கு இடம் வருகிறது. வியர்வைச் சுரப்பிக்கு நரம்பிலிருந்து ஆணை கொண்டுபோகும் வேதிப்பொருளின் பெயர் அசிட்டைல்கோலின். மேலே சொன்ன மாத்திரைகள் அந்த ஆணை சுரப்பியைச் சேராமல் தடுக்கின்றன. அதே வேதிப்பொருள்தான் உமிழ்நீருக்கும், குடல் அசைவுக்கும், சிறுநீர்ப்பைக்கும், கண்பாவைக்கும் ஆணை தருகிறது. வாய் உலர்வது, மலச்சிக்கல், சிறுநீர் தடைபடுவது, எழுத்து மங்கித் தெரிவது ஆகியவை இந்த மாத்திரையோடு சேர்ந்தே வருவதற்கு இதுதான் காரணம். கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள், புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள், குடல் அடைப்பு வந்தவர்கள், மயஸ்தீனியா என்ற தசைத்தளர்ச்சி நோய் உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்குக் குழப்பமும் மறதியும் வரலாம். நீண்ட காலம் எடுத்த முதியவர்களிடம் நினைவாற்றல் கோளாறு அதிகமாகக் காணப்பட்டதாக ஆய்வுகளும் இருப்பதால், வயதான ஐயாவுக்கும் ஆச்சிக்கும் இந்த மாத்திரையை வாங்கிக் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை. மருத்துவர் நேரில் பார்த்து எழுதினால் மட்டுமே கொடுக்கிறேன்.

கணக்குப் போடும் விதம்

மாதச் செலவு என்று கேட்டால் பெரும்பாலோர் அட்டையின் எம்.ஆர்.பி.யைப் பார்த்து மூன்றால் பெருக்குகிறார்கள். அது தவறான கணக்கு. இந்த மாத்திரைகளை ஒரே அளவில் தொடங்கித் தொடர்வதில்லை. குறைந்த அளவில் தொடங்கி, உடம்பு தாங்குகிறதா என்று பார்த்து, படிப்படியாக ஏற்றுவதே வழக்கம். பிரேசிலின் சாவோ பாவ்லோ நகர மருத்துவர்கள் உள்ளங்கை வியர்வைக்கு ஆக்சிபியூட்டினினை விரிவாகப் பயன்படுத்திப் பார்த்த முறை இது: முதல் வாரம் நாளுக்கு 2.5 மில்லிகிராம் ஒரு வேளை. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் முடியும்வரை அதே 2.5 மில்லிகிராம் இரண்டு வேளை. அதன்பின் பன்னிரண்டாவது வாரம்வரை 5 மில்லிகிராம் இரண்டு வேளை. உங்கள் மருத்துவர் வேறு விதமாகவும் எழுதலாம். அவர் எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு இதே வழியில் கணக்குப் போடுங்கள்.

முதல் வாரத்துக்கு ஏழு வேளை, அடுத்த முப்பத்தைந்து நாளுக்கு எழுபது வேளை, ஆக 2.5 மில்லிகிராம் எழுபத்தேழு வேளை. கடைசி நாற்பத்திரண்டு நாளுக்கு 5 மில்லிகிராம் எண்பத்து நான்கு மாத்திரை. 5 மில்லிகிராம் மாத்திரையின் நடுவில் கோடு இருந்து, அது மெதுவாகக் கரையும் வகையாக இல்லாமல் சாதாரண மாத்திரையாக இருந்து, மருத்துவரும் ஒப்புக்கொண்டால், அதையே பாதியாக உடைத்து முதல் ஆறு வாரத்தைக் கடத்தலாம். அப்படிச் செய்தால் பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து நூற்று இருபத்து மூன்று மாத்திரை, அதாவது பத்து மாத்திரை கொண்ட அட்டை பதின்மூன்று. ஒரு மாத்திரை 8 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால் 1,040 ரூபாய். அந்த 8 என்ற இடத்தில் உங்கள் கடையின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை ஒருபோதும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒரு நாளுக்குரிய மருந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலந்துவிடும்.

இப்படிக் கணக்கிட்ட உடனே பதின்மூன்று அட்டையையும் ஒரே தடவையில் வாங்கிவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரத்திலேயே வாய் உலர்வதைத் தாங்க முடியாமல் நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். வெட்டிய அட்டையை எந்தக் கடையும் திரும்ப எடுத்துக்கொள்ளாது, ஏனென்றால் கடைக்காரரும் அதை மொத்த விற்பனை ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்ப முடியாது. முதல் மாதத்துக்கு வாரம் ஒரு அட்டை வாங்குவதே சிக்கனம். அட்டையை வெட்டிக் கேட்கும்போது பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் உள்ள ஓரம் உங்கள் பக்கம் வரவில்லை என்றால், முழு அட்டையையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரையின் விலையோடு கணக்கு முடிவதும் இல்லை. தோல் மருத்துவரின் கட்டணம், மறுமுறை பார்க்கப் போகும் கட்டணம், சிவகங்கைக்கோ மதுரைக்கோ போய்வரும் பேருந்துக் கட்டணம், அன்றைய கூலி இழப்பு ஆகியவற்றையும் அதே தாளில் எழுதுங்கள். ஆத்தங்குடியில் டைல்ஸ் வேலை செய்யும் ஒருவருக்கு ஒரு நாள் கூலி என்பது பல வார மாத்திரையின் விலையாக இருக்கக்கூடும். அவரைப் பொறுத்தவரை மாத்திரையில் இரண்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கும் கடையைத் தேடி அலைவதைவிட, ஒரே பயணத்தில் பரிசோதனை, மருத்துவர், மருந்து மூன்றையும் முடித்துக்கொள்வதுதான் பெரிய மிச்சம். மலச்சிக்கலுக்கு இசப்கோல், உலர்ந்த வாயால் பல் சொத்தையாகாமல் பார்த்துக்கொள்ளும் செலவு, நாற்பது வயதைக் கடந்தவர்கள் தொடங்கும் முன் கண்ணழுத்தம் பார்க்கும் செலவு ஆகியவையும் உண்டு. வாய் உலர்கிறது என்று மிட்டாயைச் சப்பிக்கொண்டே இருந்தால் பல்லுக்குக் கேடு; அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் குடிப்பது போதும்.

விலையைக் குறைக்கும் நேர்வழிகள்

மருந்துச் சீட்டில் நிறுவனம் வைத்த வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரை எழுதித் தருமாறு மருத்துவரிடம் கேளுங்கள். ஒரே மருந்தை ஐந்து நிறுவனம் ஐந்து விலைக்கு விற்கும்போது, மூலப் பெயர் தெரிந்தவரால்தான் ஒப்பிட முடியும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது: கிளைகோபைரோலேட், கிளைகோபைரோனியம் என்ற இரண்டு பெயரும் ஒரே மருந்தைக் குறிப்பவை. ஒரு பெயரில் மட்டும் தேடியவர், மற்றப் பெயரில் கிடைப்பதைத் தவறவிட்டுவிடுவார். அதே மருந்து அறுவை அரங்கில் போடும் ஊசியாகவும், நுரையீரல் நோய்க்கு உறிஞ்சும் மருந்தாகவும் வருகிறது என்பதால், மாத்திரை என்று தெளிவாகக் கேளுங்கள். சிறு ஊர்க் கடைகளில் இது இருப்பில் இருக்காது. தேவகோட்டையிலோ புதுவயலிலோ கேட்டு இல்லை என்று சொன்னால், உடனே இணையத்துக்குப் போக வேண்டியதில்லை. நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையில் சீட்டைக் காட்டி, ஏஜென்சியில் வரவழைத்துத் தரும்படி கேட்டால் பெரும்பாலும் சில நாளில் வந்துவிடும்.

கிளைகோபைரோலேட் சற்று விலை கூடுதலாக இருந்தாலும் அதற்கு இரண்டு குணங்கள் உண்டு. மூளைக்குள் அதிகம் புகுவதில்லை என்பதால் தூக்கக் கலக்கம் குறைவு. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது முன்னால் எடுக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு விழுங்கிவிட்டு, மருந்து கேட்கவில்லை என்று அளவை இரட்டிப்பாக்குபவர்கள் பணத்தையும் உடம்பையும் சேர்த்தே வீணாக்குகிறார்கள். கல்யாணத்தில் மாலை மாற்றும் நாள், நேர்முகத் தேர்வு, தேர்வுத்தாளை நனைக்காமல் எழுத வேண்டிய நாள் என்று தேவைப்படும் நாள்களில் மட்டும் எடுப்பதும் மருத்துவரின் ஒப்புதலோடு நடப்பதுதான். நாள்தோறும் எடுக்கும் செலவு அதனால் பெரிதும் குறைகிறது. அந்த முக்கியமான நாளிலேயே முதல் மாத்திரையைப் போட்டுப் பார்க்கக் கூடாது. அதற்கு முன்பே ஓய்வான ஒரு நாளில் எடுத்து, தலைசுற்றலோ பார்வை மங்கலோ வருகிறதா என்று அறிந்துகொள்ள வேண்டும்.

நமக்கு எட்டும் தூரத்தில் மலிவாகக் கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. அரசு மருத்துவமனையின் மருந்தகத்தில் இருப்பில் இருந்தால் காசே இல்லை. தோல் பிரிவு உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் சிவகங்கையிலும் மதுரையிலும் இருக்கின்றன. மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் மூலப் பெயர் மருந்துகள், சந்தை விலையைவிட 50 முதல் 80 விழுக்காடு வரை குறைவு என்று அத்திட்டமே அறிவிக்கிறது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு ஆயிரம் இடங்களில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் கேட்கலாம். எல்லா மருந்தும் எல்லா இடத்திலும் இருக்காது என்பதால், மூலப் பெயரையும் மில்லிகிராமையும் சொல்லி முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போவது பேருந்துக் காசை மிச்சப்படுத்தும்.

தனியார் கடையின் விலையைப் பற்றியும் ஒளிவு மறைவின்றிச் சொல்ல வேண்டும். அரசு உச்ச விலை நிர்ணயித்த பட்டியலில் உள்ள மருந்துக்கு 2013ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி சில்லறைக் கடைக்குரிய பங்கு 16 விழுக்காடு. பட்டியலில் இல்லாத மருந்தின் தொடக்க விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. சில தயாரிப்புகளில் எம்.ஆர்.பி.யை உயர்த்தி அச்சிட்டுவிட்டு, கடைக்கு மிகக் குறைந்த விலையில் தருவார்கள். அந்த மாத்திரைக்குப் பாதி விலைத் தள்ளுபடி என்று பலகை வைத்தாலும், அது இன்னொரு நிறுவனத்தின் முழு விலையைவிட அதிகமாக இருக்கலாம். ஆகவே தள்ளுபடி எத்தனை விழுக்காடு என்று கேட்காதீர்கள். ஒரு மாத்திரை கைக்கு என்ன விலை என்று கேளுங்கள். தேசிய மருந்து விலை ஆணையத்தின் 'பார்மா சஹி தாம்' செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் விலைகளை வரிசையாகப் பார்க்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது, எம்.ஆர்.பி. என்பது வரியையும் உள்ளடக்கியது என்பதால், அதற்கு மேல் வரி என்று தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. பில் இல்லாமல் வாங்க வேண்டாம்.

வெளிநாட்டு மாத்திரை

செட்டிநாட்டில் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் இல்லாத வீடு குறைவு. மாமா ஊருக்கு வரும்போது பெட்டியில் இரண்டு குப்பி கொண்டுவரச் சொன்னால் ஆயிற்று என்று பலரும் நினைக்கிறார்கள். நம் மருந்து விதிகளின் 36ஆவது விதி இதில் தெளிவாக இருக்கிறது: பயணி தம் உடைமையோடு கொண்டுவரும் மருந்து, அந்தப் பயணியின் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே உரியதாக இருக்க வேண்டும், எந்த ஒரு மருந்தும் நூறு சராசரி வேளைக்கு மேல் போகக் கூடாது. மருமகனுக்காக மாமா கொண்டுவருவது இந்தச் சலுகைக்குள் வராது. தபாலில் வரவழைக்க வேண்டுமானால், மருத்துவர் சீட்டோடு 12ஏ படிவத்தில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் விண்ணப்பித்து, 12பி படிவத்தில் அனுமதி பெற்ற பிறகே வரவழைக்க வேண்டும். மருந்தின் விலைக்கு மேல் அனுப்பும் கூலியும் சுங்கமும் சேரும். இங்கே உள்ளூரில் கிடைக்கும் அதே மூலப்பொருளுக்கு இத்தனை சுற்று வழி எதற்கு என்று யோசித்துப் பார்த்தால், பெரும்பாலோருக்கு இந்தப் பாதை தேவைப்படாது.

பிரிட்டனில் வசிப்பவர்கள் எழுதும் விலைகளைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். அங்கே உரிமம் பெற்ற மாத்திரை கிடைக்காத இடத்தில் 'ஸ்பெஷல்ஸ்' என்ற பெயரில் ஒருவருக்கென்று தனியாகத் தயாரித்துத் தருவார்கள். அந்த விலை தயாரிப்பாளரைப் பொறுத்து மலைக்கும் மடுவுக்குமாக மாறும் என்பதால், சில மருத்துவர்கள் எழுதவே தயங்குகிறார்கள். அது அந்நாட்டு ஏற்பாட்டின் விலை. அந்தப் பவுண்டை ரூபாயாக மாற்றினால் நம் ஊர் விலை வந்துவிடாது.

உள்ளூரில் யாரிடம் வாங்கினாலும் அட்டையில் பார்க்க வேண்டியவை: மருந்தின் மூலப் பெயர், தயாரிப்பாளரின் முகவரி, தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, எம்.ஆர்.பி. சித்த மருந்து என்று சொல்லி விற்றாலும் தயாரிப்பு உரிம எண் அதிலும் இருந்தாக வேண்டும். எங்கள் தெருவைச் சேர்ந்த தம்பி ஒருவர், ரேஷன் கடையில் கைரேகை விழாமல் ஒவ்வொரு மாதமும் வேட்டியில் விரலைத் துடைத்துத் துடைத்து நிற்பவர், கைப்பேசி விளம்பரத்தைப் பார்த்து வரவழைத்த ஒரு குப்பியை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வெள்ளைக் குப்பி, ஒரு இலையின் படம், 'இயற்கை' என்ற சொல். மேலே எழுதிய ஏழில் ஒன்றுகூட அதில் இல்லை. அவர் கொடுத்த தொகைக்கு ஆக்சிபியூட்டினின் மூன்று மாதத்துக்கு வந்திருக்கும். குப்பியைத் தூக்கி எறியாமல், பணம் அனுப்பிய ரசீதோடு மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுக்கச் சொன்னேன்.

வெயிலின் கணக்கு

நம் ஊரில் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லும்போது விட்டுவிடக் கூடாத செய்தி ஒன்று இருக்கிறது. வியர்வை என்பது உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழி. மாத்திரை உள்ளங்கையை மட்டும் தேர்ந்தெடுத்து உலர்த்துவதில்லை. உடம்பு முழுவதும் வியர்வையைக் குறைக்கிறது. அக்னி நட்சத்திர நாள்களில் செம்மண் காட்டிலோ, கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பின் முன்னாலோ, தகரக் கொட்டகையிலோ வேலை செய்பவர் இதை எடுத்துக்கொண்டிருந்தால், உடம்புச் சூடு வெளியேற வழியில்லாமல் வெப்ப மயக்கம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். தோல் சூடாகவும் உலர்ந்தும் இருந்து, பேச்சு குழறி, தள்ளாட்டம் வந்தால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணியால் துடைத்து விசிறிக்கொண்டே 108ஐ அழைக்க வேண்டும். சமையல் வேலை செய்பவர்களும் வெயிலில் நிற்பவர்களும், சித்திரை வைகாசியில் அளவைக் குறைப்பதா நிறுத்தி வைப்பதா என்பதை முன்பே மருத்துவரிடம் கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சளிக்கும் அரிப்புக்கும் போடும் அவில் போன்ற மாத்திரைகளும், மனநல மருத்துவத்தில் தரும் சில மாத்திரைகளும் இதே தடுப்பு வேலையைச் சிறிதளவு செய்பவை. அவற்றோடு சேரும்போது வாய் உலர்வதும் சிறுநீர் தடைபடுவதும் கூடும். கடையில் சளி மாத்திரை கேட்கும்போதும் இந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் தாய்ப்பால் கொடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

கொட்டான் முடையும் அந்தப் பெண்மணிக்கு மருத்துவர் காலையில் ஒரு வேளை மட்டும் எழுதியிருந்தார். நாங்கள் இருவரும் அன்று ஒரு பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம்: மாத்திரை, மருத்துவர் கட்டணம், சிவகங்கைப் பயணம், இரண்டு நாள் கூலி. ஓலை முடையாத நாள்களில் எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் பிறகு சொன்னதால் மாதத்துக்கு இரண்டு அட்டை போதுமானதாகிவிட்டது. வைகாசியில் நிறுத்திவிட்டு, ஆடியில் மறுபடி வந்து, மீதி இருந்த அட்டையின் காலாவதி தேதியை என்னிடம் காட்டிப் படிக்கச் சொல்லி, இன்னும் ஒன்று மட்டும் வாங்கிப் போனார்.